கன அளவை மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் புதிதாகச் சேர்ந்த புராஜெக்ட் மாணவி ஒருவரின் நோட்டைப் பார்த்தபோது பகீரென்றது. செல் வளர்ப்பு ஆய்வகத்தில் சேர்ந்த முதல் வருஷம் நான் போட்ட அதே தப்புக் கணக்கு. லிட்டர், மில்லிலிட்டர் எல்லாம் பள்ளியிலேயே படித்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன். ஆள் மாறி ஆள் செய்துகொண்டே இருக்கும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

நீளத்துக்கான எண்ணைக் கன அளவுக்குப் போடுவது

1 சென்டிமீட்டருக்கு 10 மில்லிமீட்டர். அந்த வேகத்திலேயே 1 கன சென்டிமீட்டருக்கு 10 கன மில்லிமீட்டர் என்று கை எழுதிவிடும். நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்து மடங்காகின்றன. ஆகவே 10 × 10 × 10, அதாவது 1000. மில்லிமீட்டரிலிருந்து மைக்ரோமீட்டருக்குப் போனால் 1000-ஐ மூன்று முறை பெருக்க வேண்டும். 1 கன மில்லிமீட்டருக்குள் 100 கோடி கன மைக்ரோமீட்டர் அடங்கும்.

எனக்கு நடந்தது இது. செல்களை எண்ண நியூபாவர் சேம்பர் என்ற கண்ணாடித் தட்டு இருக்கிறது. அதில் ஒரு பெரிய கட்டம் 1 மி.மீ. நீளம், 1 மி.மீ. அகலம், மேலே மூடும் கண்ணாடிக்கும் கட்டத்துக்கும் இடையே 0.1 மி.மீ. ஆழம். மொத்தம் 0.1 கன மி.மீ. 1 மி.லி. என்பது 1 கன சென்டிமீட்டர், ஆகவே 1000-ஆல் வகுத்தால் 0.0001 மி.லி. நான் 10-ஆல் வகுத்து 0.01 மி.லி. என்று எழுதினேன். கட்டத்துக்கு 50 செல்கள் இருந்தன. உண்மையில் மில்லிலிட்டருக்கு 5 லட்சம். என் கணக்கில் வெறும் 5,000.

எனக்கு மில்லிலிட்டருக்கு 1 லட்சம் தேவை. சரி, 20 மடங்கு செறிவாக்குவோம் என்று 20 மி.லி.யையும் சென்ட்ரிஃபியூஜில் (செல்களை அடியில் படியவைக்கும் சுழற்சி இயந்திரம்) சுற்றி, 1 மி.லி.யில் கலக்கி, வளர்ப்புத் தட்டின் ஒரே குழியில் ஊற்றிவிட்டுப் போனேன். மறுநாள் காலை இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய மீடியம், அதாவது செல்கள் வளரும் திரவம், மஞ்சளாகிக் கிடந்தது. செல்கள் செத்து மிதந்தன. 1 லட்சம் போக வேண்டிய இடத்தில் 1 கோடி. ஒரு வார வளர்ப்பும் விலை உயர்ந்த சீரமும் போயின.

இன்றும் எரிச்சலூட்டுவது எது தெரியுமா? சுற்றி எடுத்ததுமே டியூப் எனக்குச் சொல்லிவிட்டது. அடியில் வெள்ளையாக ஒரு படிவு நன்றாகத் தெரிந்தது. 15 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள ஒரு செல்லின் கன அளவு சுமார் 1,800 கன மைக்ரோமீட்டர். 1 மைக்ரோலிட்டர் என்பது 1 கன மில்லிமீட்டர், அதாவது 100 கோடி கன மைக்ரோமீட்டர். 1 கோடி செல்கள் சேர்ந்தால் 18 மைக்ரோலிட்டர், கண்ணுக்குத் தெரியும். 1 லட்சம் என்றால் 0.18 மைக்ரோலிட்டர்தான், தேடிப் பார்க்க வேண்டியிருக்கும். அங்கேயே நின்று கணக்கைத் திருப்பிப் பார்த்திருக்க வேண்டும். மாணவியிடமும் இதைத்தான் சொன்னேன்: விடை வந்ததும் அதைக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெருக்கிப் பாருங்கள்.

ரத்தப் பரிசோதனையிலும் இப்படிச் சரிபார்க்கலாம். ஒரு சிவப்பணு சுமார் 90 ஃபெம்டோலிட்டர், அதாவது 90 கன மைக்ரோமீட்டர். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 50 லட்சம் சிவப்பணுக்கள். பெருக்கினால் 45 கோடி. முழு மைக்ரோலிட்டர் 100 கோடி என்பதால், ரத்தத்தில் 45 சதவீதம் சிவப்பணு. ரிப்போர்ட்டில் ஹெமட்டோக்ரிட் என்று வரும் எண் இதுதான்.

மைக்ரோ குறியை (µ) அவசரமாகக் கிறுக்குவது

படிப்பவர் மில்லி என்று எடுத்துக்கொண்டால் ஆயிரம் மடங்கு பிழை. லேபிளில் முழுச் சொல்லாக எழுதுங்கள்.

சிசி வேறு, மி.லி. வேறு என்று நினைப்பது

சிசி என்பது கன சென்டிமீட்டர். இரண்டும் ஒன்றே.

பைபெட் ஜன்னலில் தெரியும் எண்ணை அப்படியே நம்புவது

பைபெட் என்பது சிறு அளவுத் திரவத்தை அளந்து உறிஞ்சும் கருவி. எங்களிடம் உள்ள வகையில் ஜன்னலில் மூன்று இலக்கங்கள்தான் தெரியும். பி-20, பி-200, பி-1000 என்ற பெயரில் உள்ள எண், அது எடுக்கக்கூடிய அதிகபட்ச மைக்ரோலிட்டர். 1-0-0 என்று இருந்தால், பி-20-ல் அது 10 மைக்ரோலிட்டர், பி-200-ல் 100, பி-1000-ல் 1000. எண்ணைப் பார்க்கும் முன் பைபெட்டின் தலையில் எழுதியிருக்கும் அளவைப் பாருங்கள். பிறகு நுனியில் மாட்டிய பிளாஸ்டிக் முனையில் ஏறிய திரவத்தையும் ஒரு பார்வை பாருங்கள். 10 மைக்ரோலிட்டர் கேட்ட இடத்தில் பெரிய நீல முனை பாதிக்கு மேல் நிரம்பியிருந்தால், கையில் இருப்பது வேறு பைபெட்.