புழு செத்தால் உடனே டெட்ராசைக்ளினா?

தேனீப் பெட்டியின் அடையில் தேனீப் புழுக்கள் செத்துக் கிடப்பதைப் பார்த்ததும் பலர் டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கேப்ஸ்யூலைப் பிரித்துச் சர்க்கரைப் பாகில் கலந்து வைத்துவிடுகிறார்கள். பெரிய தவறே அதுதான். முதலில் என்ன நோய் என்று பாருங்கள்.

1991-92-ல் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஏராளமான தேன் பெட்டிகளைக் காலி செய்தது தாய் சாக்புரூட் என்ற புழு நோய். அது வைரஸ் நோய், ஆன்டிபயாடிக் கேட்காது. செத்த புழுவை மெதுவாக எடுத்தால் தண்ணீர்ப் பை மாதிரி முழுசாக வரும். அப்படி வந்தால் மருந்துப் பேச்சே வேண்டாம்.

அடையில் புழு இருக்கும் மூடிய அறைகளின் மூடி குழிந்து, கருத்து, ஓட்டை விழுந்திருந்தால் ஒரு தீக்குச்சியை உள்ளே விட்டுக் கிளறி மெல்ல இழுங்கள். காப்பி நிறத்தில் சளி போல இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் நூலாக நீண்டால் பெரும்பாலும் அமெரிக்கன் ஃபவுல்புரூட், அதாவது பாக்டீரியாவால் புழு அழுகும் நோய். நூல் வராமல், மூடாத அறையிலேயே புழு மஞ்சளாகி முறுக்கிக் கிடந்தால் ஐரோப்பிய வகை ஃபவுல்புரூட்டாக இருக்கலாம். ஆய்வகத்தில் உறுதி செய்துகொள்வது நல்லது.

இரண்டுக்கும் ஒரே வைத்தியம் என்று நினைப்பது அடுத்த தவறு. அமெரிக்க வகைக் கிருமியின் வித்துக்கள் (ஸ்போர்) 35 ஆண்டுகளுக்கு மேலும் உயிரோடு இருக்கும். மருந்து பெருகும் கிருமியைத்தான் கொல்லும், வித்தை ஒன்றும் செய்யாது. பெட்டி தேறியது போலத் தெரியும். நாம் நம்பி அந்த அடைச் சட்டத்தை (ஃபிரேமை) எடுத்து அடுத்த பெட்டியில் வைப்போம், நோயும் கூடவே போகும். நியூசிலாந்தில் இந்த நோய்க்கு ஆன்டிபயாடிக்கே கூடாது, எரிப்பதுதான் வழி. மனசு கேட்காதுதான். ஆனாலும் பக்கத்துத் தோட்டத்துப் பெட்டிகளை நினைத்தால் வேறு வழியில்லை.

ஐரோப்பிய வகை அவ்வளவு மோசமில்லை. லேசாக இருந்தால் ராணியை மாற்றி, நல்ல தீனி கொடுத்தாலே பல தேனீக் குடும்பங்கள் மீண்டுவிடும். மருந்து தேவையென்றால் கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில், சொல்லும் நாள் வரை கொடுங்கள். நோயில்லாத பெட்டிக்கு முன்னெச்சரிக்கையாக வைக்கவே கூடாது. அமெரிக்காவில் அதே வகை மருந்தான ஆக்ஸிடெட்ராசைக்ளினைப் பல பத்தாண்டுகள் அப்படிக் கொடுத்தார்கள். 2000 வாக்கில் அதற்கு அடங்காத கிருமி பல இடங்களில் வந்துவிட்டது.

அப்புறம், தேன் சீசன். அந்த மருந்தைத் தேன் வரத்துக்கு ஆறு வாரம் முன்பே நிறுத்திவிட வேண்டும் என்பது அமெரிக்க விதி. தேனுக்கு ரப்பர் தளிர்க்கும் ஜனவரியை நம்பியிருப்பவர்கள் நவம்பர் நடுவிலேயே முடித்துவிட வேண்டும். 2010-ல் ஐரோப்பிய ஒன்றியம் இந்தியத் தேனை நிறுத்தியதற்கு ஆன்டிபயாடிக் எச்சமும் ஒரு காரணம். மருந்து வைக்கும்போது மேல் தேன் அறையைக் கழற்றிவிடுங்கள். பெட்டியில் தேதியை எழுதி வையுங்கள். அந்த நாட்களில் புழு வளரும் கீழ் அடையறையில் சேர்ந்த தேனை எடுக்காமல் தேனீக்கே விட்டுவிடுங்கள்.