கட்டை ஆடினால் குறி ஆடும்

ரைஃபிளை மேசையில் மணல்பைமேல் வைத்துச் சுட்டும் குண்டு குறியிலிருந்து விலகுகிறதா? உடனே குழலைக் குறை சொல்லாதீர்கள், அதைத் தாங்கும் மரக்கட்டையைப் பாருங்கள். பாளையங்கோட்டையில் தச்சுப் பட்டறை வைத்திருக்கும் எனக்குக் கண் முதலில் மரத்தின்மேல்தான் போகும்.

முன்கட்டையின், அதாவது குழலுக்குக் கீழே வரும் பகுதியின், அடி 3 அங்குல அகலத்தில் தட்டையாக இருக்கட்டும். உருண்டையாக இருந்தால் சுடும்போது ரைஃபிள் பக்கவாட்டில் முறுக்கும். தோளில் பதியும் பின்கட்டையின் அடிக்கோடு குழலுக்கு இணையாக ஓடுவது நல்லது. சரிவாக இருந்தால், உதைப்பில் கட்டை மணல்பைமேல் பின்னால் நகரும்போது பின்பக்கம் இறங்கிக் குழல்முனை ஏறும்.

அப்புறம், குழல் கட்டையில் முட்டுகிறதா என்று அறிய, இரண்டுக்கும் நடுவே ஒரு நோட்டுத்தாளை விட்டு இழுத்துப் பாருங்கள். குற்றாலச் சாரல் காலத்தில் என் ஒற்றைமரக் கட்டை ஈரம் குடித்து உப்பி, தாள் பாதியில் நின்றுவிட்டது. உப்பிய இடத்தைச் சுரண்டிச் சரிசெய்தேன். இப்போது மெல்லிய பலகைகளை ஒட்டிச் செய்த கட்டைதான். அது அவ்வளவு சீக்கிரம் வளையாது.