மாடித்தோட்டக் குறிப்பு: எழுதிப் போடலாமா, வீடியோ எடுக்கலாமா?

கடலூர், புதுச்சேரி பக்கத்து மாடித்தோட்ட வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி வரும் கேள்வி இது. இரண்டையும் செய்து பார்த்து, இப்போது நான் பின்பற்றும் முறையைச் சொல்கிறேன். பிளாகர் (கூகுளின் இலவச வலைப்பதிவுத் தளம்) கணக்கு, யூடியூப் சேனல் தொடங்குவதை எல்லாம் விளக்கப் போவதில்லை. ஜிமெயில் இருந்தால் சட்டென்று முடிகிற வேலை.

படி 1: கைவேலையா, கணக்கா?

சொல்ல வந்தது கை செய்கிற வேலை என்றால் வீடியோ. அளவு, தேதி, பெயர் என்றால் எழுத்து.

செம்பருத்தியில் விண்பதியம் போடுவதையே, அதாவது கிளையைச் செடியிலிருந்து வெட்டாமலே வேர்விட வைப்பதையே, எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, அடியில் உள்ள வழுவழுப்பான படலத்தைச் சுரண்ட வேண்டும். அதை விட்டுவிட்டால் பட்டை மறுபடி கூடிவிடும், வேர் இறங்காது. "நன்றாகச் சுரண்டவும்" என்று எழுதினால், எவ்வளவு நன்றாக? கத்தி முனையில் ஈரப் படலம் கோழை மாதிரி சுருண்டு வருவதையும், பிறகு விரலை வைத்தால் வழுக்காமல் சொரசொரப்பதையும் கிட்டத்தில் அரை நிமிடம் காட்டினால் விஷயம் முடிந்தது.

செடிக்கு ஊட்டமாகத் தெளிக்கும் மீன் அமிலம் இதற்கு நேர் எதிர். மீன் கழிவும் வெல்லமும் சம எடை. தெளிக்கும்போது லிட்டர் தண்ணீருக்கு 5 முதல் 10 மில்லி. இதைப் பத்து நிமிட வீடியோவின் நடுவில் சொன்னால், கையெல்லாம் கவிச்சியோடு நிற்பவர் போனைத் தொட்டு எங்கே தேடுவார்?

படி 2: பின்னால் திருத்த வேண்டி வருமா?

யூடியூபில் ஏற்றிய வீடியோவின் ஒரு பகுதியை வெட்டி எடுக்கலாம். ஆனால் அதே இணைப்பில் வேறு வீடியோவை வைக்க முடியாது. புதிதாகத்தான் ஏற்ற வேண்டும், இணைப்பும் மாறும். எனவே விதை விலை, கடை விவரம் போன்றவற்றை வீடியோவில் வாய்விட்டுச் சொல்லாதீர்கள்.

புயல் குறிப்புகளும் எழுத்தாகவே இருக்கட்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்ததே, அந்த மாதிரி நாளில் கரண்ட் இருக்காது, சிக்னல் ஒரு கோடுதான் காட்டும். நிழல்வலையை எப்போது அவிழ்ப்பது, கைப்பிடிச் சுவரில் இருக்கும் தொட்டிகளை எங்கே இறக்குவது என்ற நாலு வரி எப்படியாவது திறந்துவிடும். வீடியோ சுற்றிக்கொண்டே கிடக்கும்.

படி 3: எழுத்து என்றால், இணைப்பைக் கவனியுங்கள்

என்னைப் பாடாய்ப் படுத்திய இடம் இதுதான். பிளாகரில் தலைப்பைத் தமிழில் வைத்து அப்படியே வெளியிட்டால், இணைப்பில் அந்தத் தலைப்பு வராது. "பிளாக்-போஸ்ட்" என்ற பொதுப்பெயரும் ஏதோ எண்ணும்தான் வரும். நாலு பதிவு சேர்ந்த பிறகு, எது மீன் அமிலம், எது பதியம் என்று இணைப்பைப் பார்த்து நமக்கே தெரியாது.

வெளியிடும் முன், வலப்பக்க அமைப்புகளில் "பெர்மாலிங்க்" (பதிவின் இணைப்பு முகவரி) என்பதைத் திறந்து "கஸ்டம்" தேர்ந்தெடுங்கள். ஆங்கில எழுத்தில், இடைவெளிக்குப் பதில் சிறு கோடு போட்டு, பதிவின் பெயரை அடியுங்கள். தமிழ் எழுத்தை அந்தப் பெட்டி ஏற்காது. வேர்ட்பிரஸ் என்ற இன்னொரு வலைப்பதிவுத் தளம் தமிழை ஏற்கும்தான். ஆனால் வாட்ஸ்அப்பில் ஒட்டினால் பெரும்பாலும் விழுக்காட்டுக் குறிகளாக (%) மூன்று வரிக்கு நீளும். கூட்டிக்கழித்துப் பார்த்தால் எனக்குப் பிளாகரே போதும்.

படி 4: வீடியோ என்றால், முதலில் சத்தம்

ரிங் லைட், ஸ்டாண்ட் எல்லாம் பிறகு பார்க்கலாம். மாடியில் வெயில் இருக்கிறது, போனைச் சாய்த்து வைக்கச் செங்கல் இருக்கிறது. கடலோர ஊரில் எதிரி காற்றுதான். முற்பகலிலேயே கடற்காற்று ஏறிவிடும், அதற்கு முன் எடுத்து முடியுங்கள். பஞ்சு உறை போட்ட காலர் மைக் ஒன்று வாங்குங்கள்.

மைக்கைச் செருகியும் சத்தம் தூரத்தில் கேட்கிறதா? பல போன்களில் கூடவே வரும் கேமரா செயலி வெளி மைக்கைக் கண்டுகொள்ளாது. ஆண்ட்ராய்டில் "ஓப்பன் கேமரா" என்ற இலவசச் செயலியைப் போட்டு, வீடியோ அமைப்புகளில் "ஆடியோ சோர்ஸ்" என்ற இடத்தில் வெளி மைக்கைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். பேசத் தொடங்கும் முன் பத்து விநாடி எடுத்துக் கேட்டுவிடுங்கள்.

படி 5: இரண்டையும் சேர்ப்பது

பதிவை முதலில் எழுதுங்கள். எந்த வரியில் "இதை எப்படிச் சொல்வது" என்று கை நிற்கிறதோ, அந்த இடத்துக்கு மட்டும் சின்ன வீடியோ எடுத்து நடுவில் பொதியுங்கள். முகம் தெரிய வேண்டாம், கை தெரிந்தால் போதும்.

பிற்சேர்க்கை

நேரக்குறிப்பு போட்டும் வீடியோவில் பகுதிகள் பிரியவில்லை என்று மஞ்சக்குப்பத்திலிருந்து ஓர் அக்கா கேட்டிருந்தார். முதல் குறிப்பு 0:00 ஆக இருக்க வேண்டும். குறைந்தது மூன்று குறிப்புகள், வரிசையாக, ஒவ்வொரு பகுதியும் 10 விநாடிக்குக் குறையாமல். அவர் 0:05இல் தொடங்கியிருந்தார்.

ஏற்கெனவே வெளியிட்ட பதிவின் இணைப்பை மாற்ற முடியுமா என்று இன்னொருவர் கேட்டார். பதிவை வரைவு நிலைக்குத் திருப்பினால் மாற்றலாம். ஆனால் ஏற்கெனவே பகிர்ந்த பழைய இணைப்பு செத்துப்போகும். பிளாகர் அமைப்புகளில் "கஸ்டம் ரீடைரக்ட்ஸ்" என்ற இடத்தில் பழைய முகவரியையும் புதியதையும் கொடுத்துவிட்டால், பழையதைத் தட்டுபவரும் புதிய பக்கத்துக்கே வந்துவிடுவார்.