நம்பர் வாங்கியாச்சு மேடம்: செல்போனும் குடிபெயர்வும் பற்றிய களஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் கொருக்குப்பேட்டை ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி லோக்கலுக்கு நின்றிருந்தோம். என்னிடம் ஆய்வு செய்யும் மாணவர் பெருமையாக நோட்டை நீட்டினார். "மணலியில 38 பேர் நம்பர் வாங்கியாச்சு மேடம். இனி வீட்டுல இருந்தே பேட்டி எடுத்துடலாம்." எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இதே மாதிரி ஒரு நோட்டு என்னிடமும் இருந்தது.

ஒப்புதல் வாங்குங்கள், பெயரை மாற்றுங்கள் என்பதையெல்லாம் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

நம்பரை ஆள் என்று நினைப்பது

2018. மணலியில் ஒரு தகரக் கூரை அறை. ஒடிசா, ஜார்க்கண்ட் ஆட்கள் ஏழு பேர், நாலு போன். பகல் ஷிஃப்ட்காரர் எழுந்த பாயில் இரவு ஷிஃப்ட்காரர் படுப்பார். போனும் அப்படித்தான் கைமாறும். படம் பார்ப்பது ஒருவர் போனில், ரீசார்ஜ் போட்டிருந்தவர் அவர்தான். ஊருக்குப் பணம் போவது இன்னொருவர் போனில், வங்கிக் கணக்கோடு சேர்ந்த நம்பர் அவருடையது. மனைவி, பிள்ளைகளோடு வீடியோ கால் மூன்றாமவர் போனில், கேமரா உடையாமல் இருந்தது அதில்தான்.

நானோ "ஒரு நாளைக்கு உங்கள் போனை எத்தனை மணி நேரம் பார்க்கிறீர்கள்?" என்று படிவத்தில் கேட்டேன். ஏழு பேரும் மரியாதைக்கு ஏதோ ஒரு எண் சொன்னார்கள். ஏழு பயனாளர்கள் என்று அட்டவணை போட்டேன். சரி, அட்டவணையைக் கிழித்துப் போட்டால் போச்சு.

கிழித்துப் போட முடியாதது வேறொன்று. அவர்களில் ஒருவர் 40,000 ரூபாய் கடன் வாங்கியிருந்தார், வீட்டுக்குத் தெரியாமல். என்னிடம் சொன்னார். நாலு மாதம் கழித்துக் கட்டுரை எழுதும்போது வட்டி மாதத்துக்கா வாரத்துக்கா என்று சந்தேகம் வந்தது. இந்தி தெரிந்த உதவியாளரை விட்டு வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பச் சொன்னேன். கேட்டுவிட்டார்கள் என்பதற்கு அடையாளமாக மைக் நீலமானது. பதில் வரவில்லை. தசராவுக்கு ஊருக்குப் போனவர் புது போன் வாங்கிக்கொண்டு, பழையதை சிம்மோடு மனைவி கையில் கொடுத்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்.

அவர் சத்தம் போடவில்லை. டீக்கடையில் என்னைப் பார்த்ததும் பாதி டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனார். அதற்கப்புறம் அந்த அறையில் ஒருவரும் என்னிடம் வாய் திறக்கவில்லை. ஒன்றரை வருட வேலை போனது. அந்த வீட்டில் என்னென்ன போனதோ, கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

தெரியாமல் நடந்தது என்றால்கூட ஆறுதல் உண்டு. போன் கைமாறுவதைப் பற்றி என் களக்குறிப்பில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தவளே நான்தான். அதுதான் இன்னும் எரிகிறது.

ஆகவே, ஒவ்வொரு முறையும் "இந்த நம்பர் இப்போ யார்கிட்ட இருக்கு?" என்று நேரிலேயே கேளுங்கள். முதல் மெசேஜில் வணக்கத்துக்கு மேல் ஒரு சொல் வேண்டாம். குரலைக் கேட்டு ஆளை உறுதிசெய்த பிறகு பேசுங்கள். பேட்டியில் சொன்ன எதையும் எழுத்திலோ குரல்பதிவிலோ திருப்பி அனுப்பாதீர்கள். ரீசார்ஜ் இல்லாமல் செத்துப்போன நம்பர் குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்குப் போய்விடலாம், அவர் யாரோ எவரோ. அட்டவணை போட்டே ஆக வேண்டுமென்றால் ஆள்வாரியாகப் போடாமல் போன்வாரியாகப் போடுங்கள்: எந்தப் போனில் எந்த வேலை நடக்கிறது, யாரெல்லாம் தொடுகிறார்கள்.

மேஸ்திரியை வைத்துக்கொண்டு பேட்டி எடுப்பது

வேண்டாம்.

'பாலிமீடியா'வை மந்திரம்போல ஓதுவது

மிர்கா மடியானு, டேனியல் மில்லர் இருவரும் இங்கிலாந்தில் வேலை செய்த பிலிப்பைன்ஸ் தாய்மார்களையும் ஊரில் விட்டுவந்த பிள்ளைகளையும் ஆராய்ந்து சொன்ன கருத்து அது. செலவும் வசதியும் தடையாக இல்லாதபோது, போனா மெசேஜா வீடியோ காலா என்று ஒருவர் எதைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதே ஒரு செய்தியாகிவிடும். அருமையான யோசனைதான். ஆனால் 'தடையாக இல்லாதபோது' என்ற பகுதியை மாணவர்கள் விழுங்கிவிடுகிறார்கள். ராயபுரத்து அம்மா துபாய் மகனோடு போட்டிம் ஆப்பில் பேசுகிறார் என்றால் பாசத்தின் நுணுக்கத்தை அதில் தேடாதீர்கள். அமீரகத்தில் வாட்ஸ்அப் கால் போகாது, அவ்வளவுதான்.

2023 மார்ச்சை 'வதந்தி' என்று ஒரு வரியில் முடிப்பது

தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. பொய் என்று தமிழ்நாடு காவல்துறை விளக்கியது. அதில் ஒன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த மோதல். பீகார் அரசே ஒரு குழுவை அனுப்பிப் பார்த்தது. மாணவர்கள் இதை எழுதும்போது இங்குள்ள பீகார் தொழிலாளர்கள் வீடியோவை நம்பி ஊருக்கு ஓடியதாக எழுதுகிறார்கள். எண்ணூரில் நான் பேசியவர்கள் யாரும் அப்படிச் சொல்லவில்லை. வீடியோ பார்த்தது ஊரில் இருந்த அம்மா. அவர் அழுதுகொண்டே போன் செய்ய, ஹோலி வேறு நெருங்க, ரயில் ஏறியிருக்கிறார்கள். வீடியோவை மட்டும் ஆராய்ந்தால் அந்த போன் கால் கண்ணில் படாது.

இந்தி பேசுபவர்தான் குடிபெயர்ந்தவர் என்பது

வியாசர்பாடியைத் தாண்டித்தான் மணலிக்குப் போகிறீர்கள். 1960களில் பர்மாவிலிருந்து வந்த குடும்பங்கள் அங்கே மூன்று தலைமுறையாக இருக்கின்றன. ரங்கூனிலேயே தங்கிவிட்ட தங்கச்சியோடு ஞாயிறுதோறும் வைபரில் பேசும் பாட்டி ஒருவரை அங்கே சந்தித்தேன். அடுத்த முறை வரும்முன் சொல்லிவிட்டு வரலாமே என்று நம்பர் கேட்டேன். போன் பேரனுடையது என்றார். பேரன் காலேஜ் விட்டு வர ஆறு மணி ஆகும்.