பேட்டரி செத்த ஆட்டோமேடிக் காரை நியூட்ரலுக்குக் கொண்டுவருவது எப்படி?

வேளச்சேரிப் பக்கம் நான் மெக்கானிக். மழைக்காலம் வந்தால் எனக்கு வரும் முக்கால்வாசி போன் ஒரே மாதிரிதான்: "அண்ணே, பேஸ்மென்ட்ல தண்ணி ஏறுது, பேட்டரி செத்துப்போச்சு, கியர் லீவர் பார்க்கை விட்டு நகர மாட்டேங்குது." 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு முன் எங்கள் மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்திய ஊர் இது. வண்டியை மேலே ஏற்ற முடியாமல் போனவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்துவிட்டால் காரை விட்டுவிட்டு வெளியே வாருங்கள். வண்டியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

லீவர் ஏன் நகரவில்லை? பிரேக்கை மிதித்தால்தான் கரன்ட் போய் லீவரின் பூட்டு திறக்கும். பேட்டரி செத்தால் திறக்காது. பேட்டரி நன்றாக இருந்தும் நகரவில்லை என்றால், பிரேக்கை மிதித்து, பின்னால் விளக்கு எரிகிறதா என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். எரியாவிட்டால் பெரும்பாலும் பிரேக் விளக்கு ஃபியூஸ் அல்லது பெடல் ஸ்விட்ச்தான் காரணம்.

பார்க்கை எடுத்துவிட்டால் வண்டியைப் பிடித்து நிறுத்த ஒன்றும் இருக்காது. அதனால் முதலில் ஹேண்ட்பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குப் பள்ளப் பக்கம் செங்கல்லோ கட்டையோ முட்டுக் கொடுங்கள். இதைச் செய்யாமல் லீவரைத் தொடவே தொடாதீர்கள்.

சாவி போட்டுத் திருப்பும் வண்டி என்றால் சாவியை ஒரு படி திருப்பினால் ஸ்டீயரிங் பூட்டு விடும். இப்போது லீவர் பக்கத்தில், பி எழுத்தை ஒட்டி, நகம் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். சில வண்டிகளில் 'ஷிஃப்ட் லாக்' என்றே எழுதியிருக்கும். சிலவற்றில் லீவர் உறைக்கு அடியில் ஒளிந்திருக்கும். சின்ன ஸ்க்ரூடிரைவர் முனையில் துணி சுற்றி மூடியை நெம்புங்கள். ஓட்டைக்குள் ஸ்க்ரூடிரைவர் முனையை விட்டு நேராகக் கீழே அழுத்தினால் உள்ளே ஒரு பட்டன் அமுங்குவது கைக்குத் தெரியும். விடாமல் அழுத்தியபடி, பிரேக்கையும் மிதித்துக்கொண்டு, லீவர் பட்டனைப் பிடித்து நியூட்ரலுக்கு இழுங்கள்.

ராம்ப்பில் நிற்கும் வண்டி இதற்கும் மசியாமல் போகலாம். கியர்பாக்ஸுக்குள் பல்லில் கொக்கி மாட்டியிருக்கும், வண்டியின் கனம் முழுக்க அதன்மேல்தான் இருக்கும். கதவைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால்தான் தாழ்ப்பாள் விடுவது போல, மேட்டுப் பக்கமிருந்து வேறு வண்டியால் லேசாக இழுக்கச் சொல்லி, பிரேக்குகளைத் தளர்த்தி, அந்த நேரத்தில் லீவரை நகர்த்துங்கள். பள்ளப் பக்கம் ஒருத்தர்கூட நிற்கக் கூடாது.

இழுக்கும் ஹேண்ட்பிரேக்குக்குப் பதில் ஸ்விட்ச் இருக்கும் வண்டியில், பிரேக் போட்டபடி இருந்தால் நியூட்ரல் வந்தும் சக்கரம் சுழலாது. கியருக்கே பட்டனோ உருட்டும் வட்டமோ இருந்தால் அந்த ஓட்டையும் கிடையாது. இரண்டுக்கும் பெரும்பாலும் வேறு வண்டி பேட்டரியிலிருந்து கரன்ட் எடுக்கும் ஜம்பர் கேபிள்தான் வழி, அதுவும் பேட்டரி நனையாமல் இருந்தால் மட்டும்.

தள்ளும்போது என்ஜின் ஓடாததால் பிரேக் கல்லாக இறுகும், ஸ்டீயரிங்கும் கனக்கும். பலமாக மிதிக்கத் தெரிந்தவர் உட்காரட்டும். கொஞ்ச தூரம் தள்ளினால் போதும். நீண்ட தூரத்துக்குக் கயிறு கட்டி இழுத்தால் எண்ணெய் ஓட்டம் இல்லாமல் கியர்பாக்ஸ் கெடும். காரை முழுசாக மேலே ஏற்றிக்கொண்டு போகும் பிளாட்பெட் வண்டியைக் கூப்பிடுங்கள். மேட்டுக்கு வந்ததும் பார்க் போட்டு ஹேண்ட்பிரேக்கை இழுங்கள். தண்ணீர் பட்ட என்ஜினை மெக்கானிக் பார்க்கும் வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.