மரச்சீனியோடு பேக்கன், சம்பா சோற்றோடு சாசேஜ்

குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கத்தில் பன்றியிறைச்சி உண்ணும் வீடுகளில் மிளகும் தேங்காய்க்கொத்தும் சேர்த்து வறட்டியெடுக்கும் கறியே வழக்கம். கோல்ட் ஸ்டோரேஜ் கடைகளில் உறைய வைத்து விற்கும் பேக்கனையும் சாசேஜையும் அதே கைப்பக்குவத்தில் சமைத்தால் கறி வாயில் வைக்க முடியாத அளவுக்கு உப்புக் கரிக்கும். பேக்கன் என்பது பெரும்பாலும் பன்றியின் வயிற்றுப் பகுதியை உப்பில் ஊறவைத்துப் புகையூட்டிச் சீவியது. சாசேஜ் என்பது கொத்திய இறைச்சியோடு கொழுப்பும் உப்பும் மசாலாவும் கலந்து உறைக்குள் அடைத்தது. உப்பும் கொழுப்பும் இரண்டிலும் முன்பே இருப்பதால், உப்பைக் கடைசியில் ருசி பார்த்த பிறகே சேர்க்க வேண்டும். பேக்கனுக்கு எண்ணெயே தேவையில்லை.

எல்லைக்கு அப்பால் கூத்தாட்டுகுளத்தை அடுத்த இடையாறில் இயங்கும் கேரள அரசு நிறுவனமான மீட் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா உட்படப் பலரும் இவற்றைத் தயாரிக்கின்றனர். யாருடைய பொட்டலமானாலும், சாசேஜ் பச்சையா, வெந்ததா என்பதை உறையில் படித்துவிட்டு வாங்குவது நல்லது. சமைக்கும் நேரம் அதைப் பொறுத்தே மாறும். உறைந்த பொட்டலத்தை முந்தைய இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட வேண்டும். அடுப்படி மேடையில் மணிக்கணக்காக வைத்து இளக்குவது நம் ஊர் வெக்கையில் ஆபத்தானது.

பேக்கனைச் சூடான சட்டியில் போடுவதுதான் பலரும் செய்வது. அப்படிப் போட்டால் கொழுப்பு உருகும் முன்பே இறைச்சி கருகிவிடும். அடி கனத்த சட்டியில், அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்பே துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, சிறு தீயில் பத்து நிமிடம் போல விட்டு, இடையிடையே புரட்டினால் கொழுப்பு தானாக இறங்கி, அந்தக் கொழுப்பிலேயே துண்டுகள் மொறுமொறுப்பாகும்.

இந்தக் கொழுப்புக்கு மரச்சீனி எனும் மரவள்ளிக் கிழங்கைவிடப் பொருத்தமான துணை இல்லை என்பது என் முடிவு. கிழங்குக்குச் சொந்த ருசி குறைவு, எதை ஊற்றினாலும் உறிஞ்சிக்கொள்ளும். 100 கிராம் பேக்கனுக்கு அரைக் கிலோ கிழங்கு கணக்கு. தோலைச் சீவி, நடு நாரை நீக்கி, சிறு துண்டுகளாக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கட்டாயம் வடித்துக் கொட்ட வேண்டும்; கிழங்கில் இயல்பாக உள்ள சயனைடு சார்ந்த நச்சுப்பொருளைக் குறைப்பதற்கான வழி அது. தேங்காய்த்துருவல், சீரகம், பூண்டு, பச்சைமிளகாய், மஞ்சள்தூள் ஆகியவற்றைத் தண்ணீர் விடாமல் கொரகொரப்பாக ஒதுக்கி அரைத்து, வெந்த கிழங்கில் சேர்த்து மரக்கரண்டியால் மசித்து, இரண்டு நிமிடம் சிறு தீயில் கிளற வேண்டும். பிறகு பேக்கன் கொழுப்பில் இரண்டு ஸ்பூன் அளவு எடுத்து, அதில் கடுகும் நறுக்கிய சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் தாளித்துக் கிழங்கின் மேல் ஊற்றி, பேக்கனை நொறுக்கித் தூவ வேண்டும். காந்தாரி மிளகாய்ச் சம்மந்தி (துவையல்) தொட்டுக்கொள்ள இருந்தால் வேறு கறி எதுவும் வேண்டாம்.

பச்சைச் சாசேஜை முள்கரண்டியால் குத்தக் கூடாது. சாறு வெளியேறி, மிஞ்சுவது சக்கைதான். சட்டியில் அரை டம்ளர் தண்ணீரோடு வைத்து மூடி, மிதமான தீயில் வேகவிட்டு, தண்ணீர் வற்றியதும் உருட்டி உருட்டிச் சிவக்க விட வேண்டும். நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸை எட்ட வேண்டும் என்பதே கொத்திய பன்றியிறைச்சிக்கான அளவு. பதப்படுத்தும் உப்பினால் சில வகைகள் வெந்த பிறகும் இளஞ்சிவப்பாகவே இருப்பதால் நிறத்தை மட்டும் நம்பாமல் சமையல் வெப்பமானி ஒன்றை வைத்துக்கொள்ளலாம். வெந்ததைச் சாய்வாக நறுக்கி வைத்துவிட்டு, ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெயில் தேங்காய்க்கொத்தைச் சிவக்க வறுத்து, சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு, கறிவேப்பிலையை வதக்கி, சாசேஜையும் புதிதாகப் பொடித்த மிளகையும் சேர்த்துப் புரட்டி, இறக்கும்போது சில துளி வினிகர் விட்டால் போதும். தக்காளி சாஸை ஊற்றினால் அதன் இனிப்பு மிளகை மறைத்துவிடும். சம்பா அரிசிச் சோறும், தேங்காய் அரைத்துவிட்ட மோர்க்குழம்பான புளிசேரியும் இதற்கு ஏற்ற துணை. காலை வேளையானால் ஆப்பம்.

இவை அன்றாட உணவல்ல. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் பட்டியலில் சேர்த்தது; நாள்தோறும் 50 கிராம் உண்பது பெருங்குடல் புற்றுநோய் அபாயத்தை ஏறத்தாழ 18 சதவீதம் கூட்டுவதாகவும் மதிப்பிட்டது. ஆகவே கிழங்கும் சோறும் தட்டை நிறைக்கட்டும், இறைச்சி ருசிக்கு மட்டும் இருக்கட்டும்.

பிரித்த பேக்கனை ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள்ளும், இளக்கிய பச்சைச் சாசேஜை இரண்டு நாளைக்குள்ளும் தீர்த்துவிட வேண்டும். சட்டியில் மிஞ்சும் கொழுப்பை வடிகட்டிக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தால், மறுநாள் கஞ்சிக்குச் சிறுபயறு தாளிக்க அதில் ஒரு ஸ்பூன் போதும்.