ரேஸுக்கு இறங்கும் தம்பிமாருக்கு: நான் விட்ட பிழைகளை நீங்களும் விடவேண்டாம்

போன ஞாயிறு பண்டாரகமையில், கார்ட் என்ற சின்னத் திறந்த ரேஸ் வண்டி ஓடும் கார்ட்டிங் ட்ராக்கில் வெள்ளவத்தைப் பெடியன் ஒருவனைச் சந்தித்தேன். கொட்டாஞ்சேனைக் கராஜ் ஒன்றில் பழைய சிவிக் ஒன்றைப் பிரித்துப் போட்டிருக்கிறானாம். ரீகண்டிஷன் எஞ்சின், புது எக்ஸோஸ்ட், பக்கெட் சீட் என்று போனில் படம் படமாகத் தள்ளிக்கொண்டே போனான். 2025 ஜனவரியில் அஜித்குமாரின் அணி துபாய் 24 மணிநேரப் போட்டியில் இறங்கியதற்குப் பிறகு இப்படி வரும் எங்கட பெடியள் கூடியிருக்கிறார்கள். சந்தோஷம்தான்.

"பிரேக் ஒயில் எப்ப மாத்தினனீ?" என்று கேட்டேன்.

"அது என்னத்துக்கு அண்ணா, போத்தல் நிறைய இருக்குதுதானே."

அன்று இரவு நித்திரை வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். பெல்ட் போடு, குடித்துவிட்டு ஓடாதே போன்றவற்றை எழுதப் போவதில்லை. அது தெரியாதவன் ட்ராக் பக்கமே வரக்கூடாது.

கார்ட் ஓட்டாமல் கார் வாங்குவது

முதலில் காரை வாங்கிப் பிறகு ஓடப் பழகலாம் என்று நினைக்கிறார்கள். ஒரு ரேஸ் காரை ஒரு நாள் ட்ராக்குக்குக் கொண்டுபோய் வருகிற செலவில் வாடகை கார்ட்டில் எத்தனையோ தரம் ஓடலாம். வாடகை கார்ட்டில் பின் அச்சுக்கு மட்டும்தான் பிரேக். வளைவில் இரண்டு பக்கச் சில்லும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியலும் இல்லை. ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே மிதித்தால் அந்த இடத்திலேயே பம்பரமாகச் சுற்றும். நேராக வரும்போதே பிரேக்கை முடி, பிறகு திருப்பு என்பதை உங்கள் இடுப்புக்கு அது பத்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடும். நான் காரில் அதைப் பழக இரண்டு வருடம் எடுத்தது, மூன்று பம்பரும் போனது.

கொழும்பு மரீன் டிரைவ் வீதியில் இரவில் பழகுவது

வேண்டாம்.

குளிர்ந்த டயரை அளந்துவிட்டு மறந்துபோவது

வழியில் பெற்றோல் ஷெட்டில் காற்றழுத்தம் 30 பிஎஸ்ஐ வரும்படி அடித்துவிட்டு வந்து, நாள் முழுக்க 30 என்றே நம்பிக்கொண்டு ஓடுகிறார்கள். காலையில் 30 பாகை செல்சியஸில் இருந்த டயர் நாலைந்து சுற்றில் 80 பாகைக்குச் சூடானால், உள்ளே இருப்பது 37 பிஎஸ்ஐ. டயரின் நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடும், கார் வழுக்கும், நீங்கள் சஸ்பென்ஷனைத் திட்டுவீர்கள். ட்ராக்கில் இருந்து வந்தவுடன், சூட்டோடு அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சொந்தமாக ஒரு நல்ல கேஜ் வாங்குங்கள். ஷெட்டில் இருப்பதை எத்தனை லொறி இழுத்திருக்கும் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

பஞ்சிகாவத்தையில் பாவித்த டயர் வாங்கினால் தரையைத் தொடும் பட்டியின் ஆழத்தை மட்டும் தடவிப் பார்க்காதீர்கள். பக்கச்சுவரில் நாலு இலக்கம் இருக்கும். 1419 என்றால் 2019ஆம் ஆண்டின் 14ஆம் வாரம் செய்தது. பட்டி புதிதாக இருந்தாலும் இறப்பர் கிழவனாகியிருக்கலாம்.

டயர்தான் எல்லாம் என்பதற்குப் பெரிய சாட்சி 2005 ஜூனில் இண்டியானாபோலிஸில் நடந்த ஃபோர்முலா வன் போட்டி. அங்கே சரிவான கடைசி வளைவை மிச்செலின் டயர் தாங்காது என்று தெரிந்ததும் அந்த டயர் போட்ட 14 கார்களும் போட்டி தொடங்குமுன் வரிசையாக ஓடும் ஃபோர்மேஷன் சுற்று முடிந்தவுடன், கார்களைப் பழுதுபார்க்கும் இடமான பிட்டுக்குள் திரும்பிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட 6 கார்கள்தான் ஓடின. ஜோர்டான் அணியில் இருந்த எங்கள் கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன் நாலாவதாக வந்தார். ஆறில் நாலு என்று சிரிப்பவர்களோடு நான் இன்றைக்கும் சண்டை பிடிப்பேன்.

எஞ்சினுக்குக் காசு, பிரேக்குக்குக் கடவுள்

இந்தப் பிழையை நான் இரண்டு தரம் விட்டவன். ஆகவே கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

என்னிடம் இருந்தது ஃபோர்ட் லேசர், 1300 சிசி வகுப்பு. ஒரு வருடச் சம்பளத்தில் மிஞ்சியதெல்லாம் ஹெட்டுக்கும் கேம்ஷாஃப்டுக்கும் கார்புரேட்டருக்கும் போய்விட்டது. கடைசியில் பிரேக்குக்கு வந்தபோது கையில் பஸ் காசுதான். கராஜ் தட்டில் பாதிப் போத்தல் டாட் 4 பிரேக் ஒயில் கிடந்தது. மூடி சரியாக இறுகாமல், மே மாத மழை முழுவதையும் அந்தத் தட்டிலேயே இருந்து பார்த்த போத்தல். அதிலிருந்து ஊற்றி நிரப்பினோம். பழையதை வெளியே எடுக்கக்கூட இல்லை.

கட்டுக்குருந்த ட்ராக் பழைய விமான ஓடுபாதை. நேர்ப்பாதை முடிவில் முழு வேகத்தில் வந்து மிதிக்க வேண்டும். முதல் இரண்டு சுற்றும் பெடல் கல்லுப் போல இருந்தது. மூன்றாவது சுற்றில் பஞ்சு. நாலாவதில் மிதித்தேன், கால் தரையில் போய் முட்டியது. திரும்பத் திரும்ப அடித்து மிதித்தேன். கியரை இரண்டுக்கு இழுத்தேன். அதற்குள் டயர் அடுக்குக்குள் புகுந்துவிட்டேன். பம்பர், ரேடியேட்டர், வலது பக்கச் சஸ்பென்ஷன் ஆர்ம் எல்லாம் போனது. எனக்குக் கழுத்துப் பிடிப்போடு சரி.

எரிச்சல் இனித்தான் ஆரம்பம். காரை இழுத்து வந்து போட்டு முக்கால் மணித்தியாலம் கழித்து எங்கள் மெக்கானிக் பாஸ் பெடலை மிதித்துப் பார்த்தார். கல்லு! "பிரேக் நல்லாத்தானே இருக்கு மல்லி" என்றார் சிங்களத்தில். மல்லி என்றால் தம்பி. என்னை மேலும் கீழும் பார்த்தார். பயத்தில் கிளட்சை மிதித்திருப்பேன் என்று நினைத்திருக்க வேண்டும். நான் கத்தினேன், அவரும் கத்தினார். கடைசியில், பெடலை மிதிக்கும் அழுத்தத்தைச் சில்லுகளுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர்தான் பிழை என்று இரண்டு பேரும் சமாதானமாகி, புதுச் சிலிண்டர் வாங்கிப் பூட்டினோம். பூட்டிவிட்டு எதை ஊற்றினோம்? தட்டில் இருந்த அதே போத்தலை.

அடுத்த போட்டியில் அதே வளைவு, அதே பஞ்சு. இந்தத் தரம் அறிகுறி தெரிந்திருந்ததால் காரைப் புல்லுக்குள் விட்டுத் தப்பினேன். பக்கத்துப் பிட்டில் இருந்த பழைய ரேஸ்காரர் ஒருவர் வந்து, பொனட்டைத் திறந்து, பிரேக் ஒயில் போத்தலுக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தார். "என்ன தம்பி, பிளேன்டீ ஊத்தி வச்சிருக்கிறீர்?"

நடந்தது இதுதான். நாங்கள் பிரேக் ஒயில் என்று சொன்னாலும் அது ஒயில் இல்லை. டாட் 3, டாட் 4, டாட் 5.1 எல்லாம் கிளைக்கோல் வகைத் திரவங்கள். காற்றில் உள்ள ஈரத்தை அவை தாமாகவே இழுக்கும். மூடி வழியாகவும் இறப்பர் ஹோஸ் வழியாகவும் அது நடந்துகொண்டே இருக்கும். கொழும்புக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? புது டாட் 4 குறைந்தது 230 பாகை வரை கொதிக்கக்கூடாது என்பது தரம். அதுவே 3.7 வீதம் தண்ணீர் குடித்தபின் 155 பாகை தாங்கினாலே போதும் என்கிறது அதே தரம். ரேஸில் டிஸ்க் சூடாகும் சூட்டுக்கு அது எந்த மூலைக்கு? பேடை டிஸ்கில் அழுத்தும் கலிப்பருக்குள் கொதித்து ஆவியாகும். திரவத்தை அமத்த முடியாது, ஆவியை அமத்தலாம். நீங்கள் மிதிப்பதெல்லாம் அந்தக் குமிழியைச் சுருக்குவதோடு முடிந்துவிடும், பேடுக்குப் போய்ச் சேராது.

குளிர்ந்தால் ஆவி மறுபடி திரவம். பெடல் மறுபடி கல்லு. இதனால்தான் பிட்டுக்கு வந்த பிறகு யாரும் நம்பமாட்டார்கள். சிலிண்டரை மாற்றுவார்கள், பூஸ்டரை மாற்றுவார்கள், ஓட்டுநரையே மாற்றச் சொல்வார்கள். ரோட்டில் ஓடும்போதும் காட்டிக்கொடுக்காது, காலி வீதி நெரிசலில் பிரேக் அவ்வளவு சூடாகாது.

இப்போது நான் செய்வது: ஒவ்வொரு போட்டிக்கும் முன்னால் முழுவதையும் மாற்றுவேன், சீல் உடைக்காத சின்னப் போத்தலில் இருந்து மட்டும். மிச்சம் இருந்தால் ரேஸ் காருக்கு இல்லை. மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரத்தில் உள்ள சில்லில் தொடங்குவேன். பழையதை வெளியே விடும் சின்னத் திருகான பிளீட் நிப்பிளில் ஒளி ஊடுருவும் குழாய், மறுமுனை ஒரு கண்ணாடிப் போத்தலில். ஒருவர் உள்ளே பெடலில், நான் கீழே சாவியோடு. "அமத்து." "பிடி." அரைச் சுற்றுத் திறப்பேன். பழையது தேத்தண்ணி நிறத்தில் சீறி வரும், இடையில் முத்து முத்தாகக் குமிழி. பூட்டுவேன். "விடு." பூட்டுவதற்கு முன் அவர் காலை எடுத்தால் காற்று உள்ளே போய்விடும், மறுபடி முதலில் இருந்து. குழாயில் வருவது வெளிறிய தேன் நிறத்துக்கு வந்து, குமிழி நின்ற பிறகுதான் அடுத்த சில்லு. நடுவில் மேல் போத்தல் வற்றவிடக் கூடாது. பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், உரித்துவிடும்.

இன்னும் இரண்டு பொறி இருக்கிறது. நாலைவிட ஐந்து பெரிது என்று டாட் 5 வாங்காதீர்கள். அது சிலிக்கோன், மற்றவையோடு சேராது, ரேஸுக்கும் ஆகாது. கூடிய சூடு தாங்கவேண்டுமென்றால் டாட் 5.1, அல்லது ரேஸுக்கென்றே வரும் டாட் 4. அடுத்தது, ஓடி முடித்த கையோடு பிட்டில் நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை இழுப்பது. டிஸ்கில் உள்ள சூடு முழுக்கப் பேட் வழியாகக் கலிப்பருக்குள் போகும். ஒரு சுற்று பிரேக் தொடாமல் மெதுவாக வாருங்கள். நிறுத்தினால் சில்லுக்குக் கட்டை வையுங்கள்.

அந்த மாஸ்டர் சிலிண்டர் இன்னும் வீட்டில் இருக்கிறது. பழையதைச் சொல்கிறேன். அதில் ஒரு பிழையும் இல்லை.

கொழும்பில் டியூன் செய்து நுவரெலியாவில் ஓடுவது

1934இல் தொடங்கிய மகாகஸ்தோட்ட மலையேற்றப் போட்டிக்கு ஒவ்வொரு ஏப்ரலிலும் கொழும்புக் கார்கள் படையெடுக்கும். கடல் மட்டத்தில் பாட்டுப் பாடிய கார்புரேட்டர் அங்கே இருமும். நுவரெலியா ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரம். காற்றின் அடர்த்தி கொழும்பில் இருப்பதைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. காற்று குறைந்தாலும் கார்புரேட்டரில் பெற்றோல் வரும் துளையான ஜெட் அதே அளவு பெற்றோலைக் கொடுத்துக்கொண்டிருக்கும், பிளக் கரி பிடிக்கும். சின்ன ஜெட் இரண்டு மூன்று பையில் இருக்கட்டும். முதல் நாளே போய்ப் பிளக்கைக் கழற்றிப் பார்த்து மாற்றுங்கள். டர்போ வைத்தவர்களுக்கு இந்தத் தலையிடி குறைவு, அதற்காக அவர்களிடம் ஆலோசனை கேட்காதீர்கள்.

பைக் ஹெல்மட்

ஹெல்மட்டைச் சோதித்து ஒட்டும் ஸ்னெல் முத்திரையில் எஸ்ஏ என்று இருக்கவேண்டும், அதுதான் கார் ரேஸுக்கு. எம் என்றால் பைக்குக்கு, உள் துணி நெருப்புத் தாங்காது.

மஞ்சள் கொடி

முன்னால் ஆபத்து என்று அர்த்தம். முந்தாதே. கதை முடிந்தது.

பிரீஃபிங்கில் தலையாட்டுவது

இது எங்கட ஆட்களுக்கே உரிய வியாதி. ஓட்டுநர் கூட்டத்தில் பேச்சு பெரும்பாலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஓடும். வேகமாகச் சொல்லிக்கொண்டு போவார்கள். பிட்டுக்குள் எந்தப் பக்கத்தால் வருவது, சிவப்புக் கொடி விழுந்தால் எங்கே நிற்பது என்பது பாதி விளங்காது. கையை உயர்த்திக் கேட்டால் சிரிப்பார்களோ என்று எங்கட பெடியன் தலையை ஆட்டுவான். நானும் ஆட்டினேன். பிழையான வாசலால் பிட்டுக்குள் புகுந்து, எதிரே வந்தவனுக்கு நெஞ்சடைப்பு வரப் பார்த்தது. கேளுங்கள். "மல்லி, ஆயெத் கியன்ன" (தம்பி, திரும்பச் சொல்லுங்கள்) என்று சொன்னால் யாரும் கோபிக்கமாட்டார்கள்.

வளைவின் வெளிப்பக்கத்தில் நிற்பது

இது ஓட்டுநருக்கு இல்லை, பார்க்க வரும் உங்கள் கூட்டத்துக்கு. 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் ரேஸில் கார் ஒன்று பாதையை விட்டுச் சனத்துக்குள் பாய்ந்து 7 பேர் செத்தார்கள். அதில் ஒரு பிள்ளையும் இருந்தது. அதற்குப் பிறகும் படம் எடுக்க என்று ஓரத்துக்கு நெருங்கும் ஆட்களைக் காண்கிறேன்.

பிடி விட்ட கார் வளைவோடு திரும்பாது, வந்த போக்கிலேயே நேராகப் போகும். ஆகவே வளைவின் வெளிப்பக்கமும் நேர்ப்பாதையின் முடிவும் நிற்கிற இடம் இல்லை. புழுதி ட்ராக்கில் பின்னால் வருபவனுக்கு முன்னால் என்ன நடந்தது என்றே தெரியாது. கயிறு கட்டியிருப்பது எல்லையைக் காட்ட, காரை மறிக்க இல்லை. உயரமான மேடு, வளைவின் உள்பக்கமாகத் தள்ளி, நடுவில் மண் அணையோ தடுப்புச் சுவரோ இருந்தால் நல்லது.

அக்காவின் மகனைக் கூட்டிக்கொண்டு போனால் நாங்கள் நிற்பது அப்படி ஓர் இடத்தில்தான். "இங்க இருந்து ஒண்டும் வடிவாத் தெரியேல்லை மாமா" என்று முணுமுணுப்பான்.

"சத்தம் கேக்குதுதானே" என்பேன்.